மேல்வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டுக் கூரை: ஒரு ஷவர் சீரமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேளச்சேரியில் 1990களின் கடைசியில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். வீட்டில் நான்கு பேர்: அறுபதை நெருங்கும் கணவன், மனைவி, கணவரின் 78 வயது அம்மா, வேலைக்குப் போகும் மகள். குளியலறைகள் இரண்டு. இந்த ஆய்வு அம்மாவின் அறையை ஒட்டிய குளியலறை பற்றியது. 8 அடிக்கு 5 அடி. கதவைத் திறந்ததும் வாஷ்பேசின், நடுவில் வெஸ்டர்ன் டாய்லெட், கடைசியில் குளிக்கும் இடம்.

பழைய ஷவரை மாற்ற வேண்டும் என்று குடும்பம் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் போனில் ஒரு படத்தோடு மேலே வந்தார். அவருடைய குளியலறைக் கூரையில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, கழிவுக்குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கறை படர்ந்திருந்தது. அழகுக்காகத் தொடங்கிய பேச்சு அன்றோடு ஒழுகலை நிறுத்தும் வேலையாகவும் ஆனது. அதன் பிறகுதான் மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது அவர்கள் கையில் ஒரு கடையின் விலைப்புள்ளி இருந்தது. கறுப்பு நிற ரெயின் ஷவர், தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் மறையும் டைவர்ட்டர், கதவு வைத்த கண்ணாடிக் கூண்டு, பளபளக்கும் 4க்கு 2 அடி மார்பிள் தோற்ற டைல்ஸ். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டி நான்கு நாளில் முடித்துத் தருவதாகப் பேச்சு. படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வேலைக்கு முன் பார்த்தவை

முதலில் ஒழுகல். இந்தக் குளியலறைக்கு வரும் வால்வை மூடி, இரண்டு நாள் யாரும் அதைப் பயன்படுத்தாமல் வைத்தோம். கீழே சொட்டுவது நின்றது. பிறகு வால்வை மட்டும் திறந்து, குழாய்களில் தண்ணீர் நிற்கும்படி விட்டுப் பார்த்தோம். அப்போதும் சொட்டவில்லை. ஆக, சுவருக்குள் போகும் குழாயில் கோளாறு இல்லை. மூன்றாவதாக, தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி வைத்தோம். மறுநாள் காலை, கீழ்வீட்டில் ட்ராப் குழாயைச் சுற்றிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. தண்ணீர் தரை வழியாகத்தான் இறங்குகிறது. இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு பழைய வேட்டித் துணி மட்டுமே. ஆனால் இதைச் செய்யாமல் டைல்ஸ் தேர்வு செய்யப் போகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, தண்ணீரின் குணம். போர்வெல் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன, கோடையில் லாரித் தண்ணீரும் சேர்கிறது. நாங்கள் பார்த்த அன்று டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,300க்கு மேல் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. குளிக்க இது பிரச்சினை இல்லை. கருவிகளுக்குத்தான் பிரச்சினை. பழைய ஷவரைக் கழற்றிப் பார்த்தால் பாதித் துளைகளில் சுண்ணாம்புப் பொருக்கு கட்டி அடைத்திருந்தது. குழாயின் மூக்கில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைப் படிவு.

மூன்றாவது, அழுத்தம். மேல்மாடியில் இருப்பவர்கள் தொட்டி பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் நன்றாக வரும் என்று நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். இங்கே தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையே ஏறக்குறைய 8 அடி, அதாவது கால் பார்கூட இல்லை. 10 லிட்டர் பக்கெட்டை ஷவர் குழாயில் பிடித்தபோது நிரம்ப இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கடைக்காரர் காட்டிய ரெயின் ஷவரின் பெட்டியில் குறைந்தபட்சம் 1 பார் தேவை என்று அச்சடித்திருந்தது.

நான்காவது, அம்மா. அவர் பக்கெட்டும் மக்கும் வைத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறுவதில்லை. எழுந்திருக்கும்போது எதைப் பிடிக்கிறார் என்று கேட்டதற்கு, "எதையும் பிடிக்க மாட்டேன்ப்பா, எனக்கு என்ன" என்றார். துண்டு போடும் கம்பியைப் போய்ப் பார்த்தேன். சுவரோடு சேரும் ஒரு முனையில் ஸ்க்ரூ பாதி வெளியே வந்து, அதைச் சுற்றியிருந்த டைல்ஸ் மூலை விண்டு, உள்ளே பூச்சு மாவாக உதிர்ந்திருந்தது. தினமும் ஒருவர் தன் எடையைப் போட்டு இழுக்காமல் துண்டுக் கம்பி அப்படி ஆகாது. மருமகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடிகள் வைப்பது பற்றி அதற்குப் பிறகு வீட்டில் விவாதமே எழவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*உடைப்பதா, மேலே ஒட்டுவதா*

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டும் முறை சில இடங்களில் சரியானதுதான். ஒழுகாத, கெட்டியாகப் பிடித்திருக்கும் தரையில் செய்யலாம். இங்கே ஒழுகல் தரைக்கு அடியில் இருப்பது நிரூபணமாகிவிட்டதால் முழுவதும் உடைக்க முடிவானது. குடும்பத்துக்கு இதில் தயக்கம் இருந்தது. சத்தம், தூசி, பக்கத்து வீடுகளின் முணுமுணுப்பு எல்லாம்தான் காரணம். குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உடைக்கும் வேலையைப் பகல் 10 மணி முதல் 5 மணி வரை என்று வைத்துக்கொண்டோம்.

அந்தக் காலக் கட்டடங்களில் குளியலறைத் தரை ஒரு அடி பள்ளமாக வார்க்கப்பட்டு, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பப்பட்டிருக்கும். இங்கே அந்தச் செங்கல் ஜல்லி ஊறிப்போய், அள்ளும்போது கை நனைந்தது. ட்ராப் குழாயைச் சுற்றிய சிமென்ட் அடைப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேலே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்த ஈரம் முழுவதும் உள்ளேயே இருந்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்து, தரையும் சுவரும் சேரும் மூலைகளில் கலவையால் வளைவாக வாட்டா பிடித்து, சிமென்டும் பாலிமரும் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடித்தோம். இரண்டாவது கை முதல் கைக்குக் குறுக்காக. 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டில் பார்த்து, பிறகுதான் நிரப்பும் வேலை. பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு சிறு வடிகுழாய் வைத்து வெளியே குழாய்கள் ஓடும் பக்கத்துக்கு விட்டோம். மறுபடி எப்போதாவது தண்ணீர் உள்ளே இறங்கினால், அது கீழ்வீட்டுக் கூரையைத் தேடாமல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். நிரப்பியதற்கு மேலும் ஒருமுறை பூச்சு, இந்தமுறை சுவரில் ஒரு அடி உயரம் வரை, குளிக்கும் இடத்தில் மட்டும் 6 அடி வரை. பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்கள் போட்டோம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

*தரை*

வீட்டம்மாவுக்கு அந்த 4க்கு 2 அடி டைல்ஸ் மேல்தான் ஆசை. அதை நிறுத்தியது கொத்தனார். "அம்மா, இவ்ளோ பெரிய கல்லுல நாலு பக்கமும் வாட்டம் குடுக்க முடியாது. குறுக்கும் நெடுக்குமா வெட்டணும், அப்புறம் அழகு எங்க இருக்கும்?" அவர் சொன்னது சரி. 60க்கு 1 வாட்டம் என்றால் 5 அடிக்கு ஒரு அங்குல இறக்கம். மூலையில் இருக்கும் ஒரு ட்ராப்பை நோக்கி அதைக் கொண்டுபோக ஒரு அடிச் சதுர டைல்ஸ் வசதி. சுவரோரமாக நீளக் கால்வாய் வடிகால் வைத்தால் ஒரே திசை வாட்டம் போதும், பெரிய கல்லும் போடலாம். ஆனால் அந்தக் கால்வாயில் தலைமுடியும் சோப்புக் கசடும் சேரும். தட்டைத் தூக்கித் தேய்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு கேள்வியைக் கேட்டேன்: இந்தக் குளியலறையை யார் கழுவுகிறார்கள்? கணவர் வேலைக்கு வரும் பெண்மணியின் பெயரைச் சொன்னார். மனைவி, "அவங்க தரையை மட்டும்தான் கழுவுவாங்க, மத்ததெல்லாம் நான்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்த்தோம். நீளக் கால்வாய் போனது. சதுர ட்ராப் நின்றது.

வழுக்கல் விஷயத்தில் கடைகள் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று எண் சொல்கின்றன. இந்த எண் வருவது ஒரு ஜெர்மன் சோதனையிலிருந்து. சாய்தளத்தில் எண்ணெய் தடவி, காலணி போட்ட ஆளை நடக்க விட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். வெறுங்காலுக்கு, சோப்புத் தண்ணீரை வைத்துச் செய்யும் வேறொரு சோதனை இருக்கிறது; அதற்கு ஏ, பி, சி என்று தரம். குளியலறைக்கு நியாயமாகப் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான், ஆனால் நாம் போகும் கடைகளில் அதைச் சொல்லக் கேட்பது அரிது. (சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்தால் எண்ணெய்ச் சோதனையும் நமக்குப் பொருத்தமில்லாதது அல்ல.) ஆர்11 எண் கொண்ட இரண்டு மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்லெண்ணெயும் சீயக்காய்த் தண்ணீரும் ஊற்றி, கணவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நின்று பார்த்தார். ஒன்று கரடுமுரடாக இருந்தது, கால் நன்றாகப் பிடித்தது. ஆனால் தேய்த்துக் கழுவியும் சீயக்காய்த் தூள் பள்ளங்களில் தங்கிவிட்டது. மற்றது மெல்லிய மணல் தடவியதுபோல் இருந்தது, பிடிப்பும் போதுமானது. அதையே எடுத்தார்கள், வெளிர் சாம்பல் நிறத்தில். இடைவெளிக்கு எபாக்சி க்ரௌட். சிமென்ட் க்ரௌட் எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும்.

குளிக்கும் இடத்தைக் கொஞ்சம் தாழ்த்தி அரை அங்குலப் படி வைப்பது வழக்கம். இங்கே வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் படிதான் வயதானவர்களின் காலைத் தட்டும். வாட்டம் மட்டுமே தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும் என்று விட்டோம்.

*சுவர்*

பளபளப்பான, வெளிர் நிற, 2க்கு 1 அடி டைல்ஸ், 7 அடி உயரம் வரை. சுவரில் பளபளப்பு நல்லது, சோப்புப் படிவு ஒரே துடைப்பில் போகும். அடர் நிறம் போட்டால் நம் தண்ணீருக்கு ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

*ஷவரும் குழாய்களும்*

கறுப்பு நிறக் குழாய்கள் மகளின் விருப்பம். அதே காரணத்துக்காக அதை விடச் சொன்னேன். படிவைப் போக்க வினிகரோ ஆசிட்டோ போட்டுத் தேய்த்தால் கறுப்புப் பூச்சு திட்டுத் திட்டாக வெளுக்கும். குரோமிலும் படிவு வரும், ஆனால் தூரத்துக்குத் தெரியாது, ஈரத்துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். மகள் கடைசிவரை முழு மனதாகச் சம்மதிக்கவில்லை.

ரெயின் ஷவரை விடுவதில்தான் அதிக நேரம் போனது. கணவருக்கு அது ஒரு ஓட்டலில் குளித்ததிலிருந்து வந்த ஆசை. பிரஷர் பம்ப் வைத்தால் முடியும். ஆனால் தொட்டி எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வீடு மட்டும் பம்ப் வைத்து இழுப்பதைச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் 4 அங்குல ஷவரும், உயரம் மாற்றும் கம்பியில் ஒரு ஹேண்ட் ஷவரும் முடிவாயின. ஹேண்ட் ஷவரை அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி எடுக்கலாம். பக்கெட்டுக்குத் தனிக் குழாய், அடியில் பெரிய பக்கெட் நிற்கும் உயரத்தில். பக்கெட் குளியலை மறந்துவிட்டுப் போட்ட அழகான குளியலறைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அங்கே பக்கெட்டை நிரப்ப ஹெல்த் ஃபாசெட்டைத்தான் பிடிக்கிறார்கள்.

மறைவான டைவர்ட்டருக்குப் பதில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும், சுவருக்கு வெளியே தெரியும் சாதாரண வால் மிக்சர். இந்தத் தண்ணீரில் ஸ்பிண்டில், அதாவது குழாயைத் திறந்து மூடும் தண்டு, சீக்கிரம் இறுகும். வெளியே இருப்பதைத் தெருமுனை பிளம்பரே கழற்றி மாற்றிவிடுவார். மறைவானதற்கு அதே நிறுவனத்தின் பாகம் வேண்டும், உள்ளே கோளாறு என்றால் டைல்ஸையும் உடைக்க வேண்டியிருக்கும்.

*கைப்பிடிகள்*

குளிக்கும் இடத்தின் இரு பக்கச் சுவர்களில் ஒன்று நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதில் சும்மா துளையிட்டு மாட்டினால் துண்டுக் கம்பியின் கதைதான். கைப்பிடி வரும் இடங்களில் செங்கல்லை எடுத்துவிட்டு கான்கிரீட் நிரப்பினோம். தரையிலிருந்து சுமார் 34 அங்குல உயரத்தில் ஒன்று படுக்கையாக, நுழையும் இடத்தில் ஒன்று நிமிர்ந்து. உயரத்தைக் குறித்தது அம்மாதான். புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, கை போன இடத்தில் கொத்தனார் பென்சிலால் கோடு போட்டார். கண்ணாடிபோல் மெருகேற்றிய கம்பி சோப்புக் கையில் வழுக்கும் என்பதால் சொரசொரப்பான எஸ்எஸ் 304 துருப்பிடிக்காத எஃகு.

*கண்ணாடி*

கதவு வைத்த கூண்டு கூடாது என்பதில் தடை இல்லை: ஸ்டூல் போட்டு, தேவைப்பட்டால் இன்னொருவர் உதவ, இடம் வேண்டும். பிளாஸ்டிக் திரை போதும் என்பது என் கருத்து. மனைவிக்கு அது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தவர் அவர்தான் என்பதால் இதில் அவர் சொன்னபடி, கதவில்லாத ஒரே பலகை: இரண்டரை அடி அகலம், ஆறரை அடி உயரம், 8 எம்.எம். டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி. எடை சுமார் 30 கிலோ. டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, எனவே டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவு எடுக்கச் சொன்னோம். இதனால் வேலை ஒரு வாரம் தள்ளியது.

*மின்சாரம்*

15 லிட்டர் கீசர் நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இல்லவே இல்லை. முதலில் அதைப் போட்டோம். 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்தது.

பிறகு நடந்தது

வேலை பேசியதைவிட நீண்டது, செலவும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியது. தாண்டிய தொகையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு: ரப்பிஷ் இறக்கியது, நீர்த்தடுப்பு, குழாய்கள். கீழ்வீட்டுக் கூரையைச் சுரண்டிப் பூசிப் பெயின்ட் அடித்ததும் இவர்கள் செலவே. அதைக் கீழ்வீட்டுக்காரர் கேட்பதற்கு முன் இவர்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் கட்டிய நாட்களில் எந்த நேரத்திலும் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது.

வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்துவிட்டது. கீழே கூரை காய்ந்தே இருக்கிறது. வெளியே விட்ட வடிகுழாயிலும் தண்ணீர் வரவில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுகிறார், கேட்டால் "சும்மா கை வைக்கிறேன்" என்கிறார். எண்ணெய்க் குளியல் நாளில் தரை பிடிக்கிறது, ஆனால் ட்ராப்பின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கைச் சூடான தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஹேண்ட் ஷவரை எல்லோருமே மேல் ஷவரைவிட அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதன் முகப்பில் ரப்பர் முனைகள் இருப்பதால் படிவை விரலால் தேய்த்தே உதிர்க்க முடிகிறது.

குறைகளும் உண்டு. கண்ணாடி முதல் சில வாரங்கள் பளிச்சென்று இருந்தது. ரப்பர் வைப்பர் ஒன்று வாங்கி மாட்டி, குளித்தவர் வழித்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இப்போது வைப்பர் ஆணியில் தொங்குகிறது, கண்ணாடியின் கீழ்ப்பாதி பனி படிந்ததுபோல் வெளுத்திருக்கிறது. வாரம் ஒருமுறை மனைவி வினிகர் போட்டுத் துடைக்கிறார். சோப்பு வைக்கச் சுவருக்குள் எடுத்த மாடத்தின் அடிப்பலகை மட்டமாக அமைந்துவிட்டதால் அதில் தண்ணீர் தேங்கி சோப்பு குழைகிறது. கணவர் ஹேண்ட் ஷவரில் குளித்தால் டாய்லெட் மூடிவரை நனைகிறது.

மாற்ற வேண்டியவை

அடுத்த வருடம் இதே வீட்டின் இரண்டாவது குளியலறையைச் செய்ய இருக்கிறார்கள். பட்டியல் இப்போதே பேசி முடிந்துவிட்டது. கண்ணாடி கிடையாது; அதற்குப் பதில் மூன்றரை அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிய குட்டைச் சுவர், அதற்கு மேல் திரை. திரைக்கு மனைவியே ஒப்புக்கொண்டார், துணி தானே தேர்ந்தெடுப்பதாக ஒரு நிபந்தனையோடு. சோப்பு மாடத்தின் அடிப்பலகைக்கு வெளிப்பக்கமாகச் சிறு சாய்வு. டாய்லெட் பக்கத்துச் சுவரிலும் கான்கிரீட் பட்டை வைத்து மூடிவிட வேண்டும்: கைப்பிடி இப்போது தேவைப்படாவிட்டாலும், பிறகு டைல்ஸை உடைக்காமல் துளையிட்டு மாட்டலாம். முதல் குளியலறையில் அதை விட்டுவிட்டோம். இப்போது அம்மா அங்கே ஃபிளஷ் டேங்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

நாடா வைத்து எடுத்த படங்களுக்கும் ஏற்கனவே ஒருமுறை வேலை வந்தது. புதுத் துண்டுக் கம்பிக்குத் துளை போட வந்தவர் குறித்த இடத்துக்கு நேர் பின்னால் கீசர் குழாய் இருந்தது. மகள் போனில் படத்தைக் காட்டியதும் நான்கு அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். கறுப்புக் குழாய் பேச்சை மகள் மறுபடி எடுத்திருக்கிறார். இரண்டாவது குளியலறையில் வாஷ்பேசின் குழாய் மட்டும் கறுப்பு, துடைப்பது அவர் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது.